தேதி இல்லாத எதிர்காலம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் கிண்டியில் நிற்கும்போது, இறங்கும் கூட்டத்தில் வெள்ளைக்கோல் பிடித்த சிலரையும் பார்க்கலாம். அதே ரயிலில் இறங்காமல் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் பார்வையற்றவர்களும் உண்டு. பேனா, கைபேசி உறை, கடலை மிட்டாய் விற்கிறார்கள். சிலர் சின்ன ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடுகிறார்கள். இவர்களில் பட்டம் வாங்கியவர்கள், பி.எட். முடித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது சென்னையில் யாருக்கும் ரகசியமில்லை. பார்வையுள்ள பயணிக்கு இது பழகிப்போன காட்சி. கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கடந்துவிடலாம். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் பார்வையற்ற மாணவரால் அப்படிக் கடக்க முடியாது. அவர் காதில் விழுவது ஒரு குரல். அது விடுதியில் தனக்கு மூன்று வருடம் மூத்தவராக இருந்தவரின் குரலாகவும் இருக்கலாம். படித்து முடித்தபின் தன் வாழ்க்கை என்னவாகும் என்று அவர் சேர்த்துவைக்கும் தகவல்களில் இதைவிட நேரடியான தகவல் வேறு எதுவும் அவருக்குக் கிடைப்பதில்லை.

வெள்ளைக்கோல் பிடித்தவர்கள் கிண்டியில் இறங்குவதற்கும் காரணம் இருக்கிறது. திரு.வி.க. தொழிற்பேட்டையின் ஆலந்தூர் சாலையில்தான் மாநில அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைத் தலைமையகம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு நடத்தும் தேசியத் தொழில்சேவை மையமும் கிண்டியிலேயே, மத்தியப் பயிற்சி நிலைய வளாகத்தில் இயங்குகிறது. தொழில் மறுவாழ்வு மையம் என்பது அதன் முந்தைய பெயர்; பழைய ஆட்கள் இன்னும் வி.ஆர்.சி. என்றுதான் சொல்கிறார்கள். இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், அதில் ப்ரெய்ல் பிரிவு. அடையாறு போனால் செயின்ட் லூயிஸ் பள்ளி, கதீட்ரல் சாலையில் பெண்களுக்கான லிட்டில் ஃபிளவர் கான்வென்ட், மேற்கே பூந்தமல்லியில் அரசுப் பள்ளி. இவற்றில் எதில் படிப்பைத் தொடங்கியிருந்தாலும், அது முடிந்து ‘இனி என்ன?’ என்ற கேள்வி எழும்போது வந்து நிற்க வேண்டிய இடமாகக் கிண்டி இருக்கிறது.

பார்வையற்ற மாணவர்களிடம் எதிர்காலம் பற்றிய பதற்றம் அதிகம், மனப் பாதுகாப்புணர்வு குறைவு என்ற பேச்சு கல்வியியல் வட்டாரங்களில் அடிக்கடி அடிபடுகிறது. வினாத்தாள் கொடுத்து, மதிப்பெண் போட்டு, பார்வையுள்ள மாணவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் முடிவுகள் இவை. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணைப் படிக்கிற விதத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. பதற்றம் மாணவருக்குள் இருக்கும் ஏதோ ஒரு குறை என்றும், தன்னம்பிக்கை வகுப்பு நடத்தினால் அது சரியாகிவிடும் என்றும் நாம் எடுத்துக்கொள்கிறோம். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. தமிழ்நாட்டில் பார்வையற்ற மாணவர்கள் எதிர்காலத்தைக் கண்டு அஞ்சுவது பெரும்பாலும் சரியாகப் போடப்பட்ட ஒரு கணக்கின் விடை. கணக்கில் உள்ள எண்களை மாற்றாமல் விடையை மட்டும் அழித்துவிட்டு மகிழ்ச்சியாக இரு என்று அவர்களிடம் சொல்கிறோம்.

உளவியல் துறைக்குள்ளேயே இந்த வாதத்துக்கு இடம் உண்டு. பதற்றத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் அளவுகோல்களில் ஒன்றை 1970-இல் வெளியிட்ட அமெரிக்க உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பீல்பெர்கர், இரண்டு வகைப் பதற்றங்களைத் தனித்தனியாக அளந்தார். ஒன்று, ஒருவரின் இயல்பிலேயே ஊறியிருப்பது. மற்றொன்று, ஒரு சூழ்நிலை வரும்போது எழுந்து, அது விலகும்போது தணிவது. இயல்பில் இருப்பதற்கு மருந்து ஒருவிதம், சூழலால் வருவதற்கு வேறுவிதம். அதற்கும் முன்பே, 1933-இல், தாமஸ் கட்ஸ்ஃபோர்த் என்ற உளவியலாளர் பள்ளியிலும் சமூகத்திலும் பார்வையற்றோர் நிலை குறித்து ஒரு நூல் எழுதினார். அவரே பதினொரு வயதில் பார்வையை இழந்தவர். பார்வையின்மை தன்னளவில் மனக்கோளாறு எதையும் உண்டாக்குவதில்லை, சுற்றியிருப்பவர்களின் மனப்போக்கும் பள்ளிகள் நடத்தும் விதமுமே அதை உண்டாக்குகின்றன என்பது அவருடைய முடிவு. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நூலின் அடிப்படைக் கேள்வியைத் தாண்டி நாம் அதிக தூரம் வந்துவிடவில்லை.

இனி கணக்குக்கு வருவோம். அது எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. சிறப்புப் பள்ளியில் சிறு வயதில் டெய்லர் பலகையிலும் மணிச்சட்டத்திலும் கணக்குப் போடப் பழகிய பிள்ளைகளில் பெரும்பாலோர், மேல்வகுப்புக்குப் போகும்போது கணிதத்தையும் அறிவியலையும் விட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் விடவைக்கப்படுகிறார்கள். படம் வரைய வேண்டும், ஆய்வகத்தில் கண்ணால் பார்த்து அளக்க வேண்டும் என்று காரணம் சொல்லப்படுகிறது. கணிதக் குறியீடுகளை ப்ரெய்லில் எழுதுவதற்கான முறையை, தானே பார்வையற்ற கணிதப் பேராசிரியரான ஆப்ரஹாம் நெமெத் 1952-இலேயே அமெரிக்காவில் வகுத்துக் கொடுத்துவிட்டார். ஆகவே கண் இல்லாததால் கணக்கு வராது என்ற வாதம் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தோற்றுப்போனது. இங்கே இல்லாதவை அதைக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்களும், தொட்டுணரும் படங்களும், அவற்றுக்கான செலவும்தான். பதினான்கு வயதில் மூடப்படும் இந்தக் கதவோடு பொறியியல், மருத்துவம், வணிகக் கணிதம், புள்ளியியல், பெரும்பாலான கணினிப் படிப்புகள் எல்லாம் மூடிக்கொள்கின்றன. மிஞ்சுவது தமிழ், ஆங்கில இலக்கியம், வரலாறு. அவற்றைப் படித்தவர் அடுத்து பி.எட். சேர்கிறார். பி.எட். முடித்தவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே வேலைதான்: ஆசிரியர்.

முன்பு வேறு சில வேலைகளும் இருந்தன. பிரம்பு நாற்காலி பின்னுவது, தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டராக இருப்பது, இசை ஆசிரியர் பணி. எஸ்.டி.டி. பூத் காலத்தில் ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிக் குடும்பங்கள் அந்த மஞ்சள் பலகைக் கடையை நம்பிப் பிழைத்தன. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, தானியங்கி இணைப்பகம் வந்தது, கைபேசி வந்தது, ஒவ்வொன்றாகப் போயின. போனதற்குப் பதிலாக வந்தது வங்கி வேலை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் தயவால் இன்று எழுத்தராகவும் அதிகாரியாகவும் பார்வையற்றவர்கள் வங்கிகளில் இருக்கிறார்கள். ஆனால் வங்கித் தேர்வு கேட்பது எண்கணித வேகம். எட்டாம் வகுப்போடு கணக்கை விட்டவரிடம் அதைக் கேட்கிறது. ஆகவே ஒரு தலைமுறையின் மொத்த எதிர்பார்ப்பும் ஆசிரியர் தேர்வு என்ற ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறது.

அந்தக் கயிறு எப்படிப்பட்டது என்று பாருங்கள். 2012-க்கு முன்பு சில காலம் பட்டதாரி ஆசிரியர்கள் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி எடுக்கப்பட்டார்கள். பதிந்துவைத்தால் வரிசையில் ஒருநாள் பெயர் வரும். பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள், தேறியவர்கள் 2,448 பேர். 2013-இல் மறுபடி நடந்தது. 2014-இல் தேர்ச்சி மதிப்பெண்ணில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து சதவீதத் தளர்வு தரப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு சிறப்புத் தகுதித் தேர்வும் நடந்தது. அதன் பிறகு 2017 வரை தேர்வே இல்லை. அடுத்து 2019. அடுத்தது 2022-இல் தொடங்கி 2023-இல் முடிந்தது. இதற்கிடையே, 2018-இல் வந்த ஓர் அரசாணை, தகுதித் தேர்வில் வென்றவர்களும் பணிக்கு வர இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றது. இந்த மாற்றங்களில் ஒவ்வொன்றுக்கும் அரசுக்கு ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும். திறமையைப் பார்க்காமல் பதிவு மூப்பை மட்டும் பார்ப்பது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மனப் பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் பழைய முறையில் ஒன்று இருந்தது: தான் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. புதிய முறையில், அடுத்த தேர்வு எந்த வருடம் வரும் என்பதே தெரியாது. ஆசிரியர் தேர்வு வாரியம் ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகிறது. அதில் சொன்ன மாதங்கள் தள்ளிப்போவது தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பழகிவிட்டது. இருபத்து மூன்று வயதில் பி.எட். முடித்தவருக்கு, நன்றாகப் படித்தால் இருபத்தைந்தில் வேலை கிடைக்குமா, முப்பத்தைந்தில் கிடைக்குமா என்று சொல்லத் தமிழ்நாட்டில் ஆளில்லை.

எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதற்கு அரசின் விதிகளிலேயே ஒரு மறைமுகமான பதில் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்த மற்ற இளைஞர்களுக்கு மூன்றாண்டுகள் உதவித்தொகை தரப்படுகிறது. மாற்றுத்திறனாளி என்றால் ஓராண்டு காத்திருந்தால் போதும். பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் பத்தாண்டுகள் கிடைக்கும். இது பரிவோடு எழுதப்பட்ட விதி. அந்த ஆயிரம் ரூபாயில் விடுதிக் கட்டணம் கட்டியவர்கள், தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் இதே விதியை ஒரு கல்லூரி மாணவர் எப்படிப் படிப்பார்? பத்தாண்டுகள் வேலையில்லாமல் இருக்கக்கூடும் என்று அரசே எதிர்பார்க்கிறது என்றுதானே படிப்பார்?

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சதவீதம் ஒதுக்கி, அதில் ஒரு சதவீதத்தைப் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உடையோருக்கும் தந்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மொத்தத்தை நான்கு சதவீதமாக்கியது. பார்வைக் குறைபாட்டுக்கான பங்கு அதே ஒரு சதவீதம்தான். இந்த ஒரு சதவீதம் எதில் ஒரு சதவீதம் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவே பல ஆண்டுகள் ஆயின. அடையாளம் காணப்பட்ட பணியிடங்களில் மட்டும் கணக்கிட்டால் போதும் என்று துறைகள் சொல்லிவந்தன. மொத்தப் பணியிடங்களின் அடிப்படையில் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2013 அக்டோபர் 8 அன்று, தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு தொடர்ந்த வழக்கில். சட்டம் வந்தபோது பிறந்த குழந்தை அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தது. அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு, 2013 செப்டம்பரில், பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 பிப்ரவரி, மார்ச்சில் மறுபடியும் சென்னைச் சாலைகளில் உட்கார்ந்தார்கள். இரண்டு போராட்டத்திலும் கோரிக்கையின் சாரம் ஒன்றுதான்: சட்டம் தருவதாகச் சொன்ன இடத்தை நிரப்புங்கள். தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பார்வைக் குறைபாடு உடையவர்கள் 1,27,405 பேர். இவர்களில் முதியவர்களையும் குழந்தைகளையும் கழித்துவிட்டால், பட்டப்படிப்பு முடித்து வேலைக்கு நிற்பவர்கள் மிகச் சிறிய கூட்டம். தீர்க்கவே முடியாத அளவுக்குப் பெரிய பிரச்சினை இல்லை இது. அதனால்தான் அது தீராமல் இருப்பது அவர்களுக்கு அதிகமாக வலிக்கிறது.

இதே நிச்சயமின்மையின் சின்ன வடிவம் ஒவ்வொரு பருவத் தேர்விலும் தலைகாட்டுகிறது. ஸ்கிரைப் என்று எல்லாரும் சொல்லும் பதிலி எழுத்தர் விஷயத்தைப் பேசாமல் பார்வையற்ற மாணவரின் பதற்றத்தைப் பேச முடியாது. தேர்வு நாளில் மற்ற மாணவருக்கு இருக்கும் கவலை, படித்தது வருமா என்பது. பார்வையற்ற மாணவருக்கு அதற்கு முன்பே ஒரு கவலை: எழுத ஆள் வருவாரா? வருகிறேன் என்று சொன்னவருக்குக் காய்ச்சல் வரலாம், அதே நாளில் அவருக்கே தேர்வு இருக்கலாம், ரயில் நின்றுபோகலாம். வந்தவருக்குத் தமிழ் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரியுமா, வரலாற்றுப் பெயர்கள் பழக்கமா, சொல்வதை அப்படியே எழுதுவாரா, சலித்துக்கொண்டு சுருக்கிவிடுவாரா என்பதெல்லாம் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல், ஒரு மணி நேரத் தேர்வுக்கு இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது. நேரம் கிடைத்துவிடுகிறது, ஆள்தான் கிடைப்பதில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘நாளை காலை பத்து மணிக்கு, மிக அவசரம்’ என்று வரும் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மூன்று வருடப் படிப்பில் ஆறு பருவம், பருவத்துக்கு ஐந்தாறு தாள். ஏறக்குறைய முப்பது முறை, தன் அறிவு தாளில் இறங்குமா என்பது யாரோ ஒருவரின் வசதியைப் பொறுத்திருக்கிறது. இப்படி முப்பது முறை பழகிய மனம் நாளையைப் பற்றி நிம்மதியாக இருக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

வீட்டுக்குள்ளும் இந்தப் பயம் தன் குரலில் பேசுகிறது. ‘நாங்க போனப்புறம் உன்னை யாரு பாத்துப்பா?’ என்ற கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த பார்வையற்ற பிள்ளை அபூர்வம். பெற்றோர் அதைப் பாசத்தில்தான் கேட்கிறார்கள். வைட்டா சாமர்ஸ் என்ற ஆய்வாளர் 1944-இல் பார்வையற்ற பதின்பருவத்தினரையும் அவர்கள் பெற்றோரையும் ஆராய்ந்து, பெற்றோரின் மனப்போக்கை ஐந்து வகையாகப் பிரித்தார். ஏற்றுக்கொள்வது, குறையே இல்லை என்று மறுப்பது, அளவுமீறிப் பொத்திவைப்பது, உள்ளுக்குள் வெறுத்து வெளியே அக்கறை காட்டுவது, வெளிப்படையாகவே ஒதுக்குவது. நம் வீடுகளில் மிக அதிகம் காணப்படுவது மூன்றாவது என்று நினைக்கிறேன். பிள்ளையைத் தனியாகக் கடைக்கு அனுப்பாத வீடு, அடுப்படிப் பக்கம் விடாத வீடு, பெண் என்றால் வெள்ளைக்கோலையே வெளியே எடுக்கவிடாத வீடு. பொத்திவைத்து வளர்க்கப்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரின் ஆயுளே தன் பாதுகாப்பின் எல்லை ஆகிவிடுகிறது. குறைபார்வை உள்ளவர்களின் நிலை இன்னும் சிக்கல். விழித்திரை நிறமிச் சிதைவு போன்ற பரம்பரை நோய்களில் பார்வை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. இன்று பெரிய எழுத்தில் படிக்க முடிகிறவர் நாளை ப்ரெய்ல் கற்க வேண்டுமா, எப்போது தொடங்க வேண்டும் என்று தடுமாறுகிறார். பார்ப்பவர் பட்டியலிலும் பார்வையற்றவர் பட்டியலிலும் முழுதாகச் சேராமல் நிற்பதன் சுமையைப் பள்ளிகள் பேசுவதே இல்லை.

எதிர்காலம் பற்றிய பயம் யாருக்குத்தான் இல்லை, பொறியியல் முடித்த பிள்ளைகளும் வேலையில்லாமல்தானே அலைகிறார்கள் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. வேலையின்மை பொதுவானது, அது குறுக்கே வரும்போது மாற்றுவழிகள் எத்தனை இருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. பொறியியல் பட்டதாரி உணவு டெலிவரி செய்யலாம், ஜவுளிக்கடையில் நிற்கலாம், வண்டி ஓட்டலாம், மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்ளலாம். இவை அவர் கனவு கண்டவை இல்லை. ஆனால் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு வழி உண்டு என்ற எண்ணம் இரவில் தூங்கவைக்கும். பார்வையற்ற பட்டதாரிக்கு அந்த இடைப்பட்ட வேலைகள் பெரும்பாலும் இல்லை. அரசு வேலைக்கு அடுத்த படியே ரயில் பெட்டிதான் என்று அவர் நினைத்தால், அதை மிகைப்படுத்திய பயம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னொரு மறுப்பு, சாதித்தவர்களைக் காட்டுவது. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன், முழுப் பார்வையின்மையுடன் இந்திய வெளியுறவுப் பணிக்கு 2015-இல் தேர்வான முதல் நபர். லிட்டில் ஃபிளவர் பள்ளியிலும் ஸ்டெல்லா மாரிஸ், லயோலா கல்லூரிகளிலும் படித்தவர். அதற்கு முன் ஸ்டேட் வங்கி அதிகாரியாக இருந்தவர். மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி குடிமைப் பணித் தேர்வில் வென்ற செய்தியை 2020-இல் தமிழ்நாடே கொண்டாடியது. பார்வையின்மையைக் காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2025 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை உண்மையான வெற்றிகள். ஒரு சிறுமிக்கு ‘என்னால் முடியும்’ என்று தோன்றவைக்கும் வலிமை அவற்றுக்கு உண்டு. ஆனால் நம்பிக்கையும் பாதுகாப்புணர்வும் வேறு வேறு. சிகரம் ஏறியவரைக் காட்டினால் நம்பிக்கை வரும். கால் வழுக்கினால் விழும் இடம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தால்தான் பாதுகாப்புணர்வு வரும். சராசரியாகப் படிக்கும், ஐம்பத்தைந்து சதவீதம் வாங்கும் பார்வையற்ற மாணவருக்கு என்ன வழி என்பதே உண்மையான சோதனை. பார்வையுள்ளவர்களில் சராசரி மாணவரும் ஒரு வாழ்க்கை வாழ்ந்துவிடுகிறார். பார்வையற்றவர் மட்டும் அசாதாரணமானவராக இருந்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிபந்தனை இருந்தால், அந்த நிபந்தனையே பதற்றத்தை உண்டாக்கும்.

தொழில்நுட்பம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு பகுதி உண்மை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரு இளைஞர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. மென்பொருள் இன்று இலவசமாகத் தமிழையும் படித்துச் சொல்கிறது. கைபேசி பேருந்து எண்ணைச் சொல்கிறது, ரூபாய் நோட்டை அடையாளம் காட்டுகிறது. புத்தகத்தைப் படித்துக்காட்ட ஆள் தேடிய காலம் பெருமளவு போய்விட்டது. ஆனால் இந்த வசதிகள் எல்லாம் மாணவரின் கையில் இருக்கின்றன. அவரை வேலைக்கு எடுக்க வேண்டியவரின் மனதில் இல்லை. நேர்காணலுக்கு வருபவரிடம் ‘எப்படிம்மா கம்ப்யூட்டர் பாப்பீங்க?’ என்று வியந்து கேட்டு, பாராட்டி, வழியனுப்பிவிடும் நிறுவனங்களின் எண்ணிக்கையை எந்த மென்பொருளும் குறைக்கவில்லை. தொழில்நுட்பம் திறமையை வளர்த்த வேகத்தில் வாய்ப்பு வளராததால், சில மாணவர்களுக்கு மனவேதனை கூடவும் செய்திருக்கிறது. முடியாது என்று நினைத்திருந்த காலத்தைவிட, முடியும் என்று தெரிந்தும் கிடைக்காத காலம் கடினமானது.

அப்படியென்றால் மனநல உதவியே வேண்டாமா? வேண்டும். தூக்கம் கெட்டு, சாப்பிட முடியாமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வரை போகும் மாணவருக்கு உடனடியாக மருத்துவரோ ஆலோசகரோ தேவை; 14416 என்ற டெலி மானஸ் எண் தொலைபேசியிலேயே பேசும் வசதி என்பதால் பயணச் சிரமமும் இல்லை. மன ஆலோசனை வலியைத் தாங்கக் கற்றுக்கொடுக்கும். ஆனால் கூரை ஒழுகும் வீட்டில் நனைந்தவருக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. என் கவலை, பதற்றம் என்ற சொல்லே ஒரு வசதியான ஒளிவிடமாகிவிடுமோ என்பது. மாணவர்களுக்கு மனவலிமைப் பயிலரங்கு நடத்துவது சுலபம்; ஒரு நாளில் முடிந்துவிடும், புகைப்படமும் எடுக்கலாம். எட்டாம் வகுப்பில் ப்ரெய்லில் கணிதம் சொல்லித்தரும் ஆசிரியரை அமர்த்துவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

பாதுகாப்புணர்வை ஒரு சமூகம் திட்டமிட்டு உண்டாக்க முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் ஸ்பெயினைப் பார்க்கலாம். அங்கே 1938-இல் தொடங்கப்பட்ட ஒன்சே என்ற பார்வையற்றோர் அமைப்புக்கு லாட்டரி நடத்தும் உரிமை தரப்பட்டது. தெருமுனைக் கூண்டுக் கடையில் உட்கார்ந்து சீட்டு விற்பவர் அந்த அமைப்பின் ஊழியர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. அந்த வருமானத்திலிருந்து கல்வி, மறுவாழ்வு, ப்ரெய்ல் நூல்கள் எல்லாம் நடக்கின்றன. அமெரிக்காவிலும் 1936-ஆம் ஆண்டின் ராண்டால்ஃப்–ஷெப்பர்ட் சட்டம் மத்திய அரசுக் கட்டடங்களில் கடை நடத்தும் முன்னுரிமையைப் பார்வையற்றோருக்குத் தந்தது. லாட்டரி இங்கே 2003-இலிருந்து தடைசெய்யப்பட்டது, அது நல்லதும்கூட. பார்வையற்றவர்களை ஒரே தொழிலுக்குள் அடைத்துவிடும் ஆபத்து இத்தகைய திட்டங்களில் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்தான்: ஸ்பெயினில் பதினெட்டு வயதுப் பார்வையற்ற மாணவருக்கு, எல்லா முயற்சியும் தோற்றாலும் கௌரவமாக நிற்க ஓர் இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். அந்தத் தைரியத்தில் அவர் இசையையோ சட்டத்தையோ கணினியையோ துணிந்து படிக்கலாம். நம் ரயில் பெட்டியில் பொருள் விற்பவர் செய்வதும் ஏறக்குறைய அதே வியாபாரம்தான். அவருக்குக் கடை இல்லை, சம்பளம் இல்லை, ரயில்வே காவலர் வந்தால் அடுத்த பெட்டிக்கு மாற வேண்டும். கிண்டியிலேயே தொடங்கி, மெட்ரோ நிலையங்களிலும் அரசு அலுவலக வளாகங்களிலும் பேருந்து முனையங்களிலும் அவருக்கு ஒரு கடையைத் தர எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை.

மற்றவையும் இப்படிச் சாதாரணமானவைதான். அடுத்த ஐந்தாண்டுகளில் எந்த ஆண்டு எந்தத் தேர்வு, அதில் பார்வையற்றோருக்கான ஒரு சதவீதம் எத்தனை இடம், நிரம்பாமல் நிலுவையில் இருப்பவை எத்தனை என்பதை அரசு வெளியிட்டு, அதன்படி நடக்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் பயிற்சி பெற்ற பதிலி எழுத்தர்களின் பட்டியலை வைத்திருந்து, அவர்களுக்குத் தகுந்த ஊதியம் கொடுத்து, தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே யார் வருவார் என்று மாணவரிடம் சொல்லலாம். விரும்புபவர்கள் கணினியிலேயே தாங்களாக எழுத வழி செய்யலாம். இவற்றில் எதுவும் மனநலத் திட்டம் என்ற பெயரில் வராது. ஆனால் வரப்போகும் வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு எழுத வருபவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் திங்கட்கிழமையே கையில் இருக்கும் மாணவரிடம், வியாழன் இரவு அந்தப் பதற்ற வினாத்தாளை மறுபடி கொடுத்துப் பார்க்கலாம்.